அணைக்கெனப் போட்ட சாலை: ஜேம்ஸ் விரிகுடா நெடுஞ்சாலையும் கிரீ மக்களும்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மத்தகாமி என்னும் சுரங்க நகரிலிருந்து புறப்பட்டு வடக்கே ராடிசன் என்னும் சிற்றூரில் முடியும் 620 கி.மீ. நீளமுள்ள தார்ச்சாலை, அரை நூற்றாண்டுக் காலம் ஜேம்ஸ் விரிகுடாச் சாலை என்று வழங்கிவந்து, 2020 நவம்பர் முதல் பில்லி டயமண்ட் நெடுஞ்சாலை என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. இரு முனைகளுக்கும் இடையில் சாலையோரத்தில் ஓர் ஊரும் இல்லை. தம் நாட்டை ஈயூ இஸ்ச்சி என்று அழைக்கும் கிரீ பழங்குடி மக்களின் கடலோர ஊர்களோ, சாலைக்கு மேற்கே ஏறத்தாழ நூறு கி.மீ. தள்ளி, ஆறுகள் விரிகுடாவில் கலக்கும் முகத்துவாரங்களில் இருக்கின்றன. மக்கள் வாழும் இடங்களை விட்டு விலகி இத்தனை பெரிய சாலை ஏன் போடப்பட்டது, விலகிச் சென்ற அச்சாலை பின்னர் எவ்வாறு அம்மக்களுக்கும் உரியதாயிற்று என்ற இரு வினாக்களே இவ்வுரையின் பொருள்.

முதல் வினாவுக்கான விடை 1971 ஏப்ரல் 30 அன்று கியூபெக் முதல்வர் ராபர்ட் பூராசா வெளியிட்ட அறிவிப்பில் இருக்கிறது. லா கிராண்ட் என்னும் பேராற்றின் குறுக்கே அணைகள் கட்டி, அண்டை ஆறுகளின் நீரையும் அதற்குத் திருப்பி, மாகாணத்தின் தொழில் வளர்ச்சிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறுவது என்பதே அவ்வறிவிப்பு. ஜேம்ஸ் விரிகுடா ஆழம் குறைந்தது. ஆண்டில் பாதிக் காலம் உறைந்து கிடப்பது. ஆகவே கடல்வழியாகக் கனரகப் பொருள்களைக் கொண்டுபோக இயலாது என்பதால், தெற்கிலிருந்து அணைத்தளத்துக்கு நேரே செல்லும் தரைவழி ஒன்று முதல் தேவையாயிற்று. விசையாழிகளையும் மின்மாற்றிகளையும் ஏற்றிவரும் நீண்ட ஊர்திகள் திரும்பவும் ஏறவும் ஏற்றவாறு வளைவுகள் அகலமாகவும் ஏற்றங்கள் தணிவாகவும் வகுக்கப்பட்டன. பாலங்கள் நூற்றுக்கணக்கான டன் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டன. திட்டம் அறிவிக்கப்பட்டபோது அந்நிலத்தில் வாழ்ந்த சில ஆயிரம் கிரீ மக்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. தம் ஆறுகள் அடைக்கப்படப் போகின்றன என்பதை அவர்கள் செய்தித்தாள் வழியாகவே அறிந்துகொண்டனர். ஒரு நாட்டின் வரைபடத்தை அங்குக் குடியிருப்போர் இல்லாத அறையில் விரித்து வைத்துக் கோடு போட்ட இச்செயல், பின்னால் நேர்ந்த அத்தனை வழக்குகளுக்கும் வித்தாயிற்று.

சாலை செல்லும் நிலத்தின் இயல்பை அறியாமல் அதன் அருமையை உணர முடியாது. வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பனிவெளிக்குத் தெற்கே, அலாஸ்காவிலிருந்து கனடாவின் குறுக்காகவும், பின்னர் ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரையிலும் உலகைச் சுற்றி ஒட்டியாணம் போலக் கிடக்கும் ஊசியிலைக் காட்டுக்கு டைகா என்று பெயர். இப்பகுதியில் அக்காட்டின் தலைமை மரம் கறுப்பு ஸ்புரூஸ். ஊட்டமற்ற ஈர மண்ணிலும் குறுகிய கோடையிலும் வளர வேண்டியிருப்பதால், நூறு வயது கண்ட மரமும் மனிதக் கை பருமனைத் தாண்டாமல் நிற்பதுண்டு. பாசியில் படியும் அதன் அடிக்கிளைகள் அங்கேயே வேர்விட்டுப் புது மரங்களாகின்றன. மணற்பாங்கான மேட்டு நிலங்களில் ஜாக் பைன் மரங்கள் நிற்கின்றன. சாலையின் தென்பாதியில் மரங்கள் நெருங்கி, அடியில் பச்சைப் பாசி மெத்தென்று படர்ந்திருக்கும். வடக்கே போகப் போக மரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இடையிலுள்ள தரையெல்லாம் வெளிறிய சாம்பல் நிறத்தில் லைக்கன் மூடியிருக்கும். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து ஒரே உயிர்போல வாழும் இந்த லைக்கன்தான் கரிபூ மான்களின் குளிர்கால உணவு. கோடையில் கால் பட்டால் மொறுமொறுவென்று நொறுங்கும் இப்படலம், சிதைந்த இடத்தில் மீண்டும் தழைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும்.

காட்டுக்கு இடையிடையே மஸ்கெக் என்னும் சதுப்பு கிடக்கிறது. குளிரினால் முழுதும் மட்காத பாசித் தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நீரை உறிஞ்சி வைத்திருக்கும் நிலம் அது. அதன்மேல் நேராகச் சாலை போட்டால் சாலை அமிழும். பொறியாளர்களுக்குக் கைகொடுத்தவை பழைய பனிப்பாளங்கள் விட்டுச்சென்ற மேடுகளே. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தின் மீதிருந்த பனிப்பாளம் உருகியபோது, அதன் அடியில் குடைந்து ஓடிய ஆறுகள் மணலையும் சரளையையும் நீண்ட கரைகளாகக் குவித்துவிட்டுச் சென்றன. எஸ்கர் எனப்படும் இக்கரைகள் சாலைக்கு வேண்டிய சரளையையும், சதுப்பின் நடுவே உலர்ந்த பாதையையும் ஒருங்கே அளித்தன. பனிப்பாளத்தின் விளிம்பில் படிந்த சகாமி மேடு என்னும் 600 கி.மீ.க்கும் நீண்ட படிவையும் சாலை கடந்து செல்கிறது. பனியின் பாரம் நீங்கிய தரை இன்னும் நிமிர்ந்து முடியவில்லை. விரிகுடாவின் கிழக்குக் கரையில் நிலம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்துகொண்டேயிருக்கிறது. பாட்டனார் படகு செலுத்திய குடாக்களில் பேரப்பிள்ளைகள் நடக்கும் அளவுக்கு ஒரு வாழ்நாளுக்குள்ளேயே கடல் பின்வாங்குவதைக் கடலோர ஊர்களின் முதியோர் கண்கூடாகக் கண்டவர்கள்.

சாலைப் பணி 1971இல் தொடங்கி 1974இல் அணைத்தளத்தை எட்டியது. பனிக்காலம் இங்கு இடையூறு என்பதைவிட உதவி என்பதே பொருந்தும். சதுப்பும் ஏரியும் கல்லாய் உறைந்த மாதங்களில்தான் இயந்திரங்களைத் தற்காலிகப் பனிப்பாதைகளின் வழியே முன்கூட்டி வடக்கே கொண்டு சேர்க்க முடிந்தது. ஆறுகளின் உறைந்த மேற்பரப்பில் மேலும் நீரை இறைத்து உறையவிட்டுத் தடித்த பனிப்பாலமாக்கி, அதன்மேல் ஊர்திகளை ஓட்டுவது வடநாட்டார் நன்கறிந்த உத்தி.

வேலை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சாலைக்கு அப்பால் வேறொரு கட்டுமானமும் எழுந்தது. தனித்தனி வேட்டைக் குழுக்களாகவும் தனித்தனி ஊர்களாகவும் வாழ்ந்துவந்த கிரீ மக்களின் தலைவர்கள் 1971 கோடையில் மிஸ்டிசினி என்னும் ஊரில் முதன்முறையாக ஓரிடத்தில் கூடினர். அவர்களுள் ஒருவர், ரூபர்ட் ஆற்று முகத்துவாரத்திலுள்ள வாஸ்ககானிஷ் ஊரின் தலைவர் பில்லி டயமண்ட். 1949இல் பிறந்த அவர், அப்போதுதான் இருபதுகளில் அடியெடுத்து வைத்திருந்த இளைஞர். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் அவர்களின் தாய்மொழியை மறக்கடிக்க முயன்ற உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தவர் அவர். அங்குக் கற்ற ஆங்கிலத்தையே தம் மக்களுக்காக வாதாடும் கருவியாக்கிக்கொண்டார். கிரீ மக்களும் வடக்கே வாழும் இனுவிட் மக்களும் சேர்ந்து திட்டத்தை நிறுத்தக் கோரி 1972இல் மான்ட்ரியால் நீதிமன்றத்தை அணுகினர். வேட்டைக்காரர்கள் பலர் காட்டிலிருந்து பெருநகருக்கு வந்து, தாம் எந்த ஏரியில் எந்தப் பருவத்தில் மீன் பிடிக்கிறார்கள், எந்த ஓடையில் பீவர் அணைகட்டி வாழ்கிறது என்பதை ஒவ்வொன்றாகச் சாட்சியமளித்தனர். மொத்தம் 167 பேர் சாட்சி சொன்ன அவ்வழக்கில், நீதிபதி ஆல்பர்ட் மாலூஃப் 1973 நவம்பர் 15 அன்று கிரீ மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்துச் சாலைப் பணி உள்ளிட்ட அனைத்தையும் நிறுத்தச் சொன்னார். ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. இயந்திரங்கள் மீண்டும் இயங்கின. எனினும் அந்த ஒரு வாரம் பழங்குடிகளின் உரிமைக்குச் சட்டத்தில் இடமுண்டு என்று காட்டிவிட்டது. அரசு பேச்சுவார்த்தைக்கு வர அதுவே போதுமானதாயிற்று.

பேச்சின் விளைவு 1975 நவம்பர் 11 அன்று கையெழுத்தான ஜேம்ஸ் விரிகுடா, வட கியூபெக் உடன்படிக்கை. அதன்படி அணைத்திட்டம் தொடர்ந்தது. கிரீ மக்களுக்கு இழப்பீடும், பள்ளிகளையும் மருத்துவ சேவையையும் தாமே நடத்தும் அதிகாரமும், குறிப்பிட்ட நிலங்களில் வேட்டைக்குத் தனியுரிமையும் கிட்டின. காட்டில் வேட்டையாடி வாழ்வோருக்கு, அவர்கள் காட்டில் கழிக்கும் நாள்களைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கும் திட்டமும் அவ்வுடன்படிக்கையில் பிறந்ததே. வேட்டை வாழ்வைப் பிற்போக்கு என்று தள்ளிவிடாமல் அதை ஒரு தொழிலாக மதித்து ஊதியம் போன்றதொரு வருவாயை உறுதிசெய்த இத்திட்டம், உடன்படிக்கையின் மிக நுட்பமான பகுதி எனலாம்.

சாலை கொண்டுசேர்த்த அணைகள் விளைத்தவை சிறியன அல்ல. 1979இல் இயங்கத் தொடங்கியதும், இன்று பூராசாவின் பெயரைத் தாங்குவதுமான முதல் மின்நிலையம் பாறைக்குள் 137 மீட்டர் ஆழத்தில் குடையப்பட்டது. அதன் மின்னாற்றல் 5,616 மெகாவாட். ஈஸ்ட்மெய்ன் ஆறு 1980இல் வடக்கே திருப்பப்பட்டதால் கீழ்ப்பகுதியில் அதன் நீர்வரத்து ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. சாலை அந்த ஆற்றைக் கடக்கும் பாலத்தின் அகலத்துக்கும் அதனடியில் ஓடும் நீருக்கும் இன்று பொருத்தமில்லை. லா கிராண்ட் ஆற்றிலோ நேர்மாறாக வெள்ளம் பெருகியது. அதன் முகத்துவாரத் தீவில் தலைமுறைகளாக வாழ்ந்த ஃபோர்ட் ஜார்ஜ் ஊர்மக்கள் கரைகள் அரிக்கப்படும் என்ற அச்சத்தால் 1980ஐ ஒட்டித் தென்கரைக்குக் குடிபெயர்ந்தனர். வீடுகள் பல பெயர்த்தெடுத்துக் கொண்டுவரப்பட்டன. அப்படி எழுந்ததே இன்றைய சிசாசிபி. ஆண்டுதோறும் கோடையில் ஊரார் பழைய தீவுக்குத் திரும்பிக் கூடாரமடித்துத் தங்கும் வழக்கத்தை இன்றும் விடவில்லை.

அதைவிடக் கொடிய விளைவு கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. காடும் சதுப்பும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியபோது, அழுகும் தாவரங்களில் பெருகிய நுண்ணுயிர்கள் மண்ணில் இயல்பாக இருந்த பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் நச்சு வடிவத்துக்கு மாற்றின. நுண்ணுயிரைச் சிறு பூச்சியும், பூச்சியைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் தின்னத் தின்ன, ஒவ்வொரு படியிலும் நச்சு செறிந்து, இறுதியில் மீனை அன்றாட உணவாகக் கொண்ட மக்களின் உடலில் சேர்ந்தது. 1980களில் இது தெரியவந்தபின் மீன் உண்பதைக் குறைக்குமாறு அவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். பாட்டி தன் கையால் வலைவீசிப் பிடித்துப் புகையிலிட்டு வைத்த மீனைப் பேரக்குழந்தைக்கு ஊட்டத் தயங்கும் நிலை ஏற்பட்டதை எந்த இழப்பீட்டுப் பட்டியலாலும் அளவிட முடியாது. பல ஏரிகளில் பாதரச அளவு பழைய நிலைக்குத் திரும்ப இருபது, முப்பது ஆண்டுகள் ஆயின.

சாலை தன்னளவில் வேட்டை நிலத்தை மாற்றியது. ஈயூ இஸ்ச்சி முழுவதும் ஏறத்தாழ முந்நூறு வேட்டைப் புலங்களாகப் பிரிந்துள்ளது. ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மூத்த வேட்டைக்காரர் பொறுப்பாளர். எந்த ஆண்டு எந்த ஓடையில் பீவர் பிடிக்கலாம், எதை ஓய்வாக விடவேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். முன்பு இலையுதிர்காலத்தில் படகிலும் பின்னாளில் மிதவை விமானத்திலும் புலத்தை அடைந்த குடும்பங்கள், சாலை வந்தபின் வண்டியில் சென்று அதன் ஓரத்திலேயே குடில் அமைத்துக்கொண்டன. வாரநாளில் ஊரில் வேலை செய்வோரும் வார இறுதியில் காட்டுக்குப் போக இது வழிசெய்தது. வசந்தத்தில் கனடா வாத்துகள் தெற்கிலிருந்து திரும்பும் நாள்களில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை விடப்பட்டு ஊரே வேட்டைக்குக் கிளம்பும் வழக்கம் தளராமல் நீடிப்பதற்குச் சாலையும் ஒரு காரணம். அதே சாலை வழியே தெற்கிலிருந்து பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களும் வந்தனர். குளிர்காலத்தில் சாலையருகே வந்த கரிபூக் கூட்டங்களைத் தேடிப் பல்லாண்டுகள் அவர்கள் வந்துபோயினர். மந்தைகள் பெரிதும் சுருங்கிவிட்டமையால் 2018இல் மாகாண அரசு அவ்வேட்டையை நிறுத்தியது.

இனி இரண்டாம் வினா. உடன்படிக்கைக்குப் பின்னரும் கடலோர ஊர்கள் பலவற்றுக்கு நெடுஞ்சாலையோடு தொடர்பு கிடைக்கவில்லை. அணைக்கு அண்மையிலிருந்த சிசாசிபிக்கு முதலில் சாலை வந்தது. வெமிஞ்சிக்கும் ஈஸ்ட்மெய்னுக்கும் 1990களின் நடுப்பகுதி வரையிலும், வாஸ்ககானிஷுக்கு 2001 வரையிலும் வானூர்தியும் படகும் பனிப்பாதையுமே கதி. பில்லி டயமண்ட் முன்னின்று 1982இல் தொடங்கிய ஏர் கிரீபெக் என்னும் வானூர்தி நிறுவனம் அந்த இடைவெளியை நிரப்பவே பிறந்தது. கூர்ந்து நோக்கினால் இச்சாலையின் மெய்யான வரலாறு அந்த நூறு கி.மீ. சரளைக் கிளைகளில்தான் இருக்கிறது என்பது விளங்கும். நடுச்சாலை மூன்றாண்டுகளில் முடிந்தது. கிளைச்சாலைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாயின. மின்மாற்றிக்கு ஒரு வேகம், மக்களுக்கு ஒரு வேகம் என்ற இவ்வேறுபாட்டை நியாயப்படுத்த எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. கிளைச்சாலை வேண்டுமா என்பதிலும் ஊர்களுக்குள் ஒரே கருத்து இருந்ததில்லை: பொருள்களின் விலை குறையும், நோயாளிகளை எளிதில் கொண்டுபோகலாம் என்றனர் சிலர், மதுவும் போதைப்பொருளும் அதே வழியில்தான் வரும் என்று அஞ்சினர் வேறு சிலர். இரு தரப்பும் சொன்னது நடந்தது. எனினும் இம்முறை கேள்வியும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது.

சாலையில் பயணம் செய்வோர் காணும் காட்சிகள் அதன் பிறப்பை இன்றும் நினைவூட்டுகின்றன. ஆறாவது கி.மீ.யில் உள்ள சாவடியில் வண்டியோட்டி தம் பெயரையும் சேருமிடத்தையும் பதிந்துவிட்டுச் செல்ல வேண்டும். அதன்பின் எரிபொருளும் உணவும் கிடைக்கும் ஒரே இடம் 381ஆம் கி.மீ.யில் இரவும் பகலும் திறந்திருக்கும் தங்குமனைதான். வழியில் வண்டி பழுதானால் நெடுந்தொலைவுக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும் அவசரத் தொலைபேசிகளே துணை. இடையில் ஊர்கள் இல்லாததால் தொலைவு எண்களே இடப்பெயர்களாகிவிட்டன. 257 என்றால் ரூபர்ட் ஆற்றுப் பாலம், 544 என்றால் கிழக்கே 582 கி.மீ. தூரம் நீர்த்தேக்கங்களை நோக்கிச் செல்லும் டிரான்ஸ்-டைகா சரளைச்சாலை பிரியும் முனை. மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரிவதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தார் மேலெழும்பி வெடிக்கிறது. ஓடைகள் சாலைக்கு அடியில் கடக்கும் குழாய்ப் பாலங்களைப் பீவர்கள் ஒரே இரவில் குச்சியும் சேறும் கொண்டு அடைத்துவிடுவதால், பராமரிப்புப் பணியாளர்கள் அவற்றைக் கோடை முழுதும் அகற்றிக்கொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது.

தீயும் இந்நாட்டுக்குப் புதிதன்று. பிசினால் ஒட்டி மூடிக்கிடக்கும் ஜாக் பைன் காய்கள் தீயின் வெப்பத்தில்தான் விரிந்து விதையைச் சொரிகின்றன. எரிவதும் முளைப்பதும் இக்காட்டின் இயல்பான சுழற்சி. ஆனால் 2023 கோடையில் மூண்ட தீ அந்த இயல்பை மீறியது. மாகாணத்தில் 40 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் எரிந்தது. அதன் பெரும்பகுதி வடக்கில். கிரீ ஊர்கள் பலவற்றிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். நெடுஞ்சாலையும் புகையாலும் தீயாலும் மூடப்பட்டது. தப்பிச் செல்ல ஒரே வழி உள்ள ஊரில் அவ்வழியே அடைபடும்போது மாற்று என்ன என்ற கேள்வி அக்கோடையில் எல்லார் நாவிலும் இருந்தது.

அரசியல் களத்தில் கிரீ மக்களின் நிலை இடைப்பட்ட காலத்தில் பெரிதும் மாறியது. பெருந்திமிங்கில ஆற்றில் 1989இல் அறிவிக்கப்பட்ட அடுத்த அணைத்திட்டத்தை எதிர்த்து, அவர்கள் இனுவிட் மக்களோடு சேர்ந்து, பாதி கிரீப் படகும் பாதி இனுவிட் கயாக்கும் ஆன ஒரு படகை 1990இல் நியூயார்க் வரை செலுத்திச் சென்று, அம்மின்சாரத்தை வாங்கவிருந்த நகரத்தாரிடமே முறையிட்டனர். 1994இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2002 பிப்ரவரி 7 அன்று வாஸ்ககானிஷில் கையெழுத்தான வீரர்களின் அமைதி என்னும் ஒப்பந்தம், ஐம்பதாண்டுக் காலத்துக்கு வள வருவாயில் கிரீ மக்களுக்குப் பங்கு அளித்தது. அதற்கு ஈடாக ரூபர்ட் ஆற்றின் பெரும்பகுதி நீரைத் திருப்ப அவர்களின் தலைமை இசைந்தது. 2009இல் அது நிறைவேறியபோது, அந்த ஆற்றையே நம்பி வாழ்ந்த ஊர்களில் பலர் கசந்த நெஞ்சோடு அதைக் கண்டனர். அவர்களின் எதிர்ப்பு மறக்கத்தக்கதன்று. 2014இல் அமைந்த வட்டார அரசில், பரந்த நிலப்பகுதியின் நிர்வாகத்தில் கிரீ மக்களும் மற்றவர்களும் சமமாக அமர்ந்தனர். 1972இல் அச்சாலையை எதிர்த்து நீதிமன்றம் சென்ற, 2010இல் மறைந்த, பில்லி டயமண்டின் பெயர் அதே சாலைக்கு வைக்கப்பட்டதை இம்மாற்றங்களின் தொடர்ச்சியாகவே காண வேண்டும்.

இப்போது மின்கலங்களுக்கு வேண்டிய லித்தியம் தாதுப் படிவுகள் 381ஆம் கி.மீ. தங்குமனைக்கு அருகிலும் நெமாஸ்கா ஊரின் பக்கத்திலும் கண்டறியப்பட்டிருப்பதால், சாலை மீண்டும் கனரக ஊர்திகளை எதிர்நோக்கியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் கிரீ அரசும் கியூபெக் அரசும் கையெழுத்திட்ட பெருங்கூட்டணி என்னும் புரிந்துணர்வு ஒப்பந்தம், கிளைச்சாலைகளைத் தாரிடுவதையும், மத்தகாமியிலிருந்து ரூபர்ட் ஆறு வரை நெடுஞ்சாலையை ஒட்டி இருப்புப்பாதை அமைப்பதையும், காலப்போக்கில் வடகோடியிலுள்ள வாப்மகூஸ்டுயி வரை வழியை நீட்டுவதையும் ஆராயச் சொல்கிறது. இனுவிட் ஊரான கூஜுவாராபிக்கோடு அருகருகே அமைந்த வாப்மகூஸ்டுயிக்கு இன்றுவரை எந்தச் சாலையும் இல்லை. உணவும் எரிபொருளும் கோடையில் கப்பலிலும் மற்றக் காலங்களில் வானூர்தியிலும் வருகின்றன. அங்குச் சாலை வேண்டுமா என்ற பேச்சில், ஊர்க்கூட்டங்களில் வேட்டைப் புலப் பொறுப்பாளர்கள் தம் புலத்தின் எந்த ஏரிக்கரை வழியாக அளவுக்கோடு போகிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் கேட்கிறார்கள். 1971இல் கேட்க இயலாத அந்தக் கேள்விக்கு விடை தராமல் இனி அங்கு ஒரு வண்டி மண்ணும் கொட்ட முடியாது.